திருப்பூர்ச் சாயநீரும் பசுமை நிதியும்: லிட்டருக்கு இருபது பைசாவை யார் ஏற்பது?

கொங்குக் கணக்கர்

வணக்கம். பின்னலாடை ஏற்றுமதி நிறுவனங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்வது என் தொழில். அண்மைக் காலமாகப் பசுமை நிதி (சுற்றுச்சூழலைக் காக்கும் பணிகளுக்கெனத் திரட்டும் கடனும் முதலீடும்) பற்றிய பேச்சு திருப்பூர் வரை வந்துவிட்டது. வங்கி மேலாளர்கள் அதைப் பற்றிப் பேசுகிறார்கள், பையர்கள் (ஆடை வாங்கும் நிறுவனங்கள்) அனுப்பும் கேள்விப் பட்டியல்களில் அது இடம்பெறுகிறது, பரஸ்பர நிதி விளம்பரங்களில் இலைப் படத்தோடு அது வருகிறது. ஆனால் இந்த ஊரில் சுற்றுச்சூழலுக்காக உண்மையிலேயே பெரும் பணம் செலவாகும் இடம் சாயக் கழிவுநீர்ச் சுத்திகரிப்புதான். அந்த இடத்துக்கு இந்த நிதியில் எவ்வளவு வந்து சேருகிறது என்று தேடினால் என் கண்ணுக்கு ஏறக்குறைய எதுவும் தென்படவில்லை.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கழிவுநீரை வெளியே விடாமல் முழுவதையும் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்த லிட்டருக்கு 20 முதல் 25 பைசா வரை ஆகிறது என்பது இங்கே தொழிலில் இருப்பவர்கள் பொதுவாக எடுத்துக்கொள்ளும் அளவு. ஒரு கிலோ துணிக்குச் சாயமேற்ற 50 லிட்டர் நீர் என்று கொண்டால், கிலோவுக்கு 10 ரூபாயிலிருந்து 12 ரூபாய் 50 பைசா வரை வருகிறது. ஒரு கிலோ துணியில் ஐந்து டீ-சர்ட்டுகள் தைக்கலாம் என்றால், ஒரு டீ-சர்ட்டுக்கு இரண்டு அல்லது இரண்டரை ரூபாய். கடையில் பல நூறு ரூபாய்க்கு விற்கும் பொருளின் விலையில் இது கண்ணில் படாத தொகை. ஆயினும் இதைப் பையர் தருவதில்லை, ஏற்றுமதியாளர் தருவதும் அரிது. கூலிக்குச் சாயமேற்றும் பட்டறைக்காரர் தம் சாயக்கூலிக்குள்ளேயே இதை அடக்கிக்கொள்கிறார். இது ஏன் இப்படி இருக்கிறது, நிதிச் சந்தையால் இதை மாற்ற முடியுமா என்று விவாதிக்கலாமா?

நெடுங்கால முதலீட்டாளர்

மாற்ற முடியும் என்றே நினைக்கிறேன். சந்தைப் பொறுப்புணர்வு என்பது முதலில் தகவலிலிருந்துதான் தொடங்கும். பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி 2021 மே மாதம் கொண்டுவந்த வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை முறை, சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு 2022-23 நிதியாண்டு முதல் கட்டாயமாகிவிட்டது. அதில் எவ்வளவு நீர் எடுத்தீர்கள், எவ்வளவு வெளியேற்றினீர்கள் என்பது மட்டுமல்ல, பூஜ்யக் கழிவுநீர் வெளியேற்ற ஏற்பாடு உங்களிடம் இருக்கிறதா, இருந்தால் அது எந்த அளவுக்குச் செயல்படுகிறது என்ற கேள்வியும் நேரடியாகவே இருக்கிறது. 2023 ஜூலையில் வந்த சுற்றறிக்கை, முக்கியமான அளவீடுகளை வெளியார் ஒருவர் சரிபார்த்துச் சான்றளிக்க வேண்டும் என்பதையும் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. இத்தகைய தகவல் பெருகப் பெருக, தூய்மையாகத் தொழில் செய்பவருக்குக் குறைந்த வட்டியில் பணம் கிடைக்கும், அசுத்தம் செய்பவருக்குக் கடன் விலை ஏறும். நேரம் ஆகலாம், ஆனால் திசை சரியானதே.

சாயத்தோட்டம்

நண்பர் சொல்லும் திசையை நான் மறுக்கவில்லை, ஆனால் அந்த அறிக்கைக்கும் என் பட்டறைக்கும் இடையே எத்தனை படிகள் இருக்கின்றன என்று பாருங்கள். பட்டியலிட்ட நிறுவனம் ஒன்று இங்கே ஆடை வாங்குகிறது என்று வைப்போம். அதற்குச் சரக்குத் தருபவர் ஏற்றுமதியாளர். அவருக்குக் கூலிக்குச் சாயமேற்றித் தருபவன் நான். செபி, மதிப்புச் சங்கிலியில் உள்ளவர்களின் விவரத்தையும் முதல் 250 நிறுவனங்கள் தரவேண்டும் என்று 2023இல் சொன்னது, ஆனால் கொள்முதலிலோ விற்பனையிலோ 2 விழுக்காட்டுக்குக் குறையாத பங்குடைய கூட்டாளிகளுக்கு மட்டும் என்று இப்போது வரம்பு வைத்திருக்கிறது. 2025 மார்ச்சில் அதையும் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. நானோ முதல் படியிலேயே இல்லை, இரண்டாம் படியில் இருக்கிறேன். எவருடைய கொள்முதலிலும் நான் 2 விழுக்காடு ஆகமாட்டேன். திருப்பூரில் சாயமேற்றுபவர்களில் பெரும்பாலோர் கூட்டாளி நிறுவனங்களோ தனி உரிமையாளர்களோதான். ஆகவே நண்பர் வாசிக்கும் அறிக்கைகளில் எங்கள் கழிவுநீர் எங்கும் பதிவாவதில்லை, சுத்தம் செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எங்களுக்குப் போட்டி யார்? வங்கதேசத்தில் டாக்கா சுற்றுவட்டாரத்துச் சாயப்பட்டறைகளின் நீர் துராக், புரிகங்கா ஆறுகளுக்குப் போய்ச் சேருகிறது என்பது உலகறிந்தது. நம் நாட்டிலேயே லூதியானாவின் புத்தா நாலாவைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அங்கெல்லாம் இந்த 20 பைசா கிடையாது. இங்கே ஒரு பையர் விலை பேசும்போது அந்த ஊர்களின் விலையை எடுத்து மேசைமேல் வைக்கிறார், சுத்திகரிப்புச் சான்றிதழையும் கேட்கிறார். இரண்டையும் ஒரே மின்னஞ்சலில் கேட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்க வரி 50 விழுக்காடாக உயர்ந்தபோது, சட்டைக்கு இரண்டரை ரூபாய் கூடுதலாகத் தர வழியில்லை என்று அதுவரை சொல்லிவந்த தரப்பிலிருந்து முதலில் வந்தது தள்ளுபடிக் கோரிக்கைதான்.

நொய்யல்கரை

நான் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நிலம் வைத்திருக்கும் விவசாயி. இந்த விவாதத்தில் எல்லோரும் 20 பைசாவைக் "கூடுதல் செலவு" என்கிறீர்கள். எனக்கு அங்கேயே முரண்பாடு இருக்கிறது. அந்தச் செலவு, நீதிமன்றம் பட்டறைகளை மூடிய 2011இல் புதிதாகப் பிறந்ததன்று. அதற்கு முன்பும் அது இருந்தது. அப்போது அதை நாங்கள் கட்டிக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் ஆறு நொய்யல். அதன் குறுக்கே பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டி 1992இல் திறந்தார்கள். பாசன அணையைக் கட்டிய பிறகு, அதில் தண்ணீரைத் தேக்கவேண்டாம் என்று ஆயக்கட்டு விவசாயிகளே கேட்டுக்கொண்ட ஊர் வேறு எங்காவது இருந்தால் சொல்லுங்கள். தேங்கியது சாயநீர். அது நிலத்துக்குள் இறங்கிக் கிணறுகளுக்குப் போயிற்று. உப்பேறிய மண்ணில் தென்னை காய்க்காது, மாடு அந்தக் கிணற்று நீரைக் குடிக்காது. அந்த இழப்பு எந்தப் பனியன் கம்பெனியின் வரவு செலவிலும் ஒரு வரியாகக்கூட வந்ததில்லை, ஏனெனில் அது எங்கள் கணக்கில் எழுதப்பட்டிருந்தது.

வேலூர்த் தோல் தொழிற்சாலை வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், அசுத்தப்படுத்துபவரே இழப்பீடு தரவேண்டும் என்ற நெறி இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகும் எங்கள் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் தனியாக உயர் நீதிமன்றம் போகவேண்டியிருந்தது. 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம், கழிவுநீர் வெளியேற்றத்தை நிறுத்தக் கெடு விதித்தது. கெடு முடியும்வரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசா, பிறகு 8, பிறகு 10 பைசா என்று அபராதம் ஏறிக்கொண்டே போகுமாறும் உத்தரவிட்டது. எண்களைக் கவனியுங்கள். சுத்தம் செய்ய 20 பைசா, செய்யாமல் விட்டால் 10 பைசா. இந்தக் கணக்கில் எந்த வியாபாரியும் எதைத் தேர்ந்தெடுப்பார்? 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை உறுதிசெய்து மூன்று மாத அவகாசம் கொடுத்த பிறகும் நீர் நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று நீதிமன்ற அவமதிப்பு வழக்கில், சாய, சலவைப் பட்டறைகள் எல்லாவற்றையும் மூடி மின்சாரத்தைத் துண்டிக்கச் சொன்ன பிறகுதான் நின்றது. திருப்பூரை மாற்றியது சந்தைத் தகவலும் அன்று, வட்டி விகிதமும் அன்று, கட்டாயம்தான்.

நெடுங்கால முதலீட்டாளர்

ஐயா சொன்ன வரலாற்றை நான் இவ்வளவு விரிவாக அறிந்திருக்கவில்லை, நன்றி. ஆனாலும் ஒரு கேள்வி. மூடலுக்கு முன்பு திருப்பூரின் ஏற்றுமதி ஏறத்தாழ 12,000 கோடி ரூபாய் அளவில் இருந்தது. 2024-25இல் அது 40,000 கோடி ரூபாயை எட்டியது. அப்படியானால் இந்தக் கட்டாயம் தொழிலை அழிக்கவில்லை என்பதுதானே பொருள்? சுமை என்று சாயத்தோட்டம் அண்ணன் சொல்வது பாதிதான் உண்மையோ?

சாயத்தோட்டம்

2011இல் டாலர் 45 ரூபாய், இப்போது 85ஐத் தாண்டிவிட்டது. நூல் விலையும் அதற்கேற்ப ஏறியது. அந்த இரண்டையும் கழித்துவிட்டு வளர்ச்சியைப் பாருங்கள். மேலும், ஏற்றுமதி வளர்ந்தது ஆடை விற்பவரின் கணக்கு. சாயக்கூலி அதே வேகத்தில் ஏறவில்லை. மூடலுக்குப் பிறகு திரும்ப எழமுடியாமல் போன சிறு பட்டறைகள் அந்த 40,000 கோடிக்குள் இல்லை.

ஆவிப்பானைப் பொறியாளர்

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் வேலை செய்யும் வேதிப்பொறியாளன் என்ற முறையில், இந்த 20 பைசா எதற்குப் போகிறது என்பதைச் சொல்லிவிட்டால் விவாதம் தெளிவாகும் என்று நினைக்கிறேன். அது தெரியாமல் பசுமைக் கடன் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் பிடிக்க லிட்டருக்குப் பல பத்து கிராம் உப்பு போடவேண்டும், சமையல் உப்போ சோடியம் சல்பேட்டோ. சாயத்தின் நிறத்தை நுண்ணுயிர்ச் சுத்திகரிப்பாலும் அதன்பின் வேதிமுறைகளாலும் எடுத்துவிடலாம். உப்பு எங்கும் போகாது. ஐயாவின் நிலத்தைக் கெடுத்தது நிறமன்று, இந்த உப்புதான். ஆகவே நீரை ஆர்.ஓ. சவ்வுகளில் செலுத்தி, பத்தில் ஒன்பது பங்குக்கு அருகில் நல்ல நீராகப் பிரித்தெடுத்துப் பட்டறைகளுக்கே திருப்பித் தருகிறோம். இதுவரை செலவு தாங்கக்கூடியதே. எஞ்சும் அடர் உப்புநீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கும் கட்டத்தில்தான் பணம் கரைகிறது. அந்த நீராவிக்கு விறகு எரிக்கிறோம், பம்புகளுக்கும் அழுத்திகளுக்கும் மின்சாரம் இழுக்கிறோம். ஆற்றைக் காப்பாற்றும் கொதிகலனின் புகைபோக்கியைப் பசுமைக் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவது என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. காற்றாலை மின்சாரம் இந்தப் பகுதியில் தாராளமாக இருப்பதால் மின்சாரப் பகுதியைச் சமாளிக்கலாம், வெப்பத்துக்கு இன்னும் நல்ல விடை இல்லை.

கடைசியில் மிஞ்சுவது கலவை உப்பு. இரண்டு உப்புகளும் அழுக்கும் கலந்த இதை யாரும் வாங்கமாட்டார்கள். ஆற்றில் விடமுடியாது, மழையில் நனைய விடவும் முடியாது; கொட்டகைகளில் மூட்டைமூட்டையாகக் கிடக்கிறது. வெளியேற்றம் பூஜ்யம் என்பது நீருக்குத்தான் பொருந்தும். அருள்புரம் நிலையத்தில் உப்புநீரை முழுவதும் ஆவியாக்காமல், சுத்தம் செய்து அப்படியே சாயத் தொட்டிக்குத் திருப்பும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஆவியாக்கும் அளவும் குறைகிறது, புதிதாக வாங்கும் உப்பும் குறைகிறது. முதலீட்டாளர் நண்பரின் பணம் எங்காவது போகவேண்டுமென்றால் அது இத்தகைய மாற்றங்களுக்குப் போகலாம், ஏனெனில் இங்கே முதலீடு செய்தால் லிட்டருக்கான நடைமுறைச் செலவு உண்மையிலேயே இறங்கும்.

நெடுங்கால முதலீட்டாளர்

அப்படியானால் அதற்குப் பசுமைப் பத்திரம் (சுற்றுச்சூழல் திட்டங்களுக்கெனச் சந்தையில் கடன் திரட்டும் பத்திரம்) வெளியிடலாமே? காசியாபாத் மாநகராட்சி 2021இல் 150 கோடி ரூபாய்க்கு வெளியிட்டதே. கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு விற்பதற்காகத்தான் அந்தப் பணம். இந்தூர் 2023இல் சூரிய மின்நிலையத்துக்காக 244 கோடி ரூபாய்க்குப் பொதுமக்களிடமே விற்றது. திருப்பூரால் ஏன் முடியாது?

கொங்குக் கணக்கர்

இந்த இடத்துக்கு விவாதம் வரவேண்டும் என்றுதான் காத்திருந்தேன். மூன்று கணக்குகளைச் சொல்கிறேன், சற்று நீளும்.

முதலாவது, பசுமை என்ற பெயருக்குச் சந்தை தரும் சலுகை எவ்வளவு? நடுவண் அரசு தன் முதல் பசுமைப் பத்திரங்களை 2023 ஜனவரி 25 அன்று 8,000 கோடி ரூபாய்க்கு ஏலம் விட்டபோது, ஐந்தாண்டுப் பத்திரம் 7.10 விழுக்காட்டுக்கும் பத்தாண்டுப் பத்திரம் 7.29 விழுக்காட்டுக்கும் விற்றது. சாதாரணப் பத்திரத்தைவிட 0.05 முதல் 0.06 விழுக்காடு வரை குறைவு என்று அன்று கொண்டாடினார்கள். பின்னர் வந்த ஏலங்களில் அதுவும் தேய்ந்தது. அந்த முதல் நாள் சலுகையையே நம் ஊருக்குக் கொடுத்துப் பார்ப்போம். நாளுக்கு 50 லட்சம் லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் ஒன்றுக்கு 50 கோடி ரூபாய் கடன் இருந்தால், 0.06 விழுக்காடு என்பது ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய். அதே நிலையத்தை ஓட்ட, லிட்டருக்கு 20 பைசா வீதம் ஒரு நாளைக்கு 10 லட்சம் ரூபாய் ஆகிறது. ஓராண்டு முழுவதும் கிடைக்கும் பசுமைச் சலுகை எட்டு மணி நேரத்துக்குக்கூடப் போதாது. எனவே வட்டி வழியாகத் தீர்வு வரும் என்ற நம்பிக்கையை நான் கைவிட்டுவிட்டேன். 2011இல் மாநில அரசு சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாயை வட்டியில்லாமல் கொடுத்ததே, அதுதான் உண்மையான சலுகை. அதுகூட இயந்திரம் வாங்கத்தான் உதவியது. அதை அன்றாடம் ஓட்டும் செலவுக்கு உதவவில்லை.

இரண்டாவது, காசியாபாத். அங்கே பத்திரத்துக்குப் பின்னால் ஒரு வருமானம் இருக்கிறது, சுத்திகரித்த நீரை விலைக்கு வாங்கும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. மாநகராட்சியின் வரி வருமானமும் துணைக்கு நிற்கிறது. இங்கே சுத்திகரிப்பு நிலையம் என்பது பட்டறைக்காரர்களே சேர்ந்து நடத்தும் நிறுவனம். அதன் வருமானம் அவர்கள் கட்டும் கட்டணம்தான். ஆர்டர் குறைந்தால் துணி குறையும், துணி குறைந்தால் நீர் குறையும், நீர் குறைந்தால் கடனைக் கட்டப் பணம் இருக்காது. பத்திரம் வாங்குபவர் இதைக் கண்டுகொள்ளாமல் விடமாட்டார்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் சுவையானது. நீர்த் திட்டத்துக்குத் தனியார் மூலதனம் திரட்டுவதில் திருப்பூர் இந்நாட்டுக்கே முன்னோடி. காவிரியிலிருந்து நாளுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டத்தை, 1,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில், உள்கட்டமைப்பு நிதி நிறுவனமான ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். முன்னின்று அமைத்த நிறுவனம் 2005இல் முடித்தது. சாயப்பட்டறைகளுக்கு நீர் கூடிய விலையில், நகராட்சிக்கும் கிராமங்களுக்கும் குறைந்த விலையில் என்பது அதன் கணக்கு. பட்டறைகள் எதிர்பார்த்த அளவு வாங்கவில்லை. 2011 மூடல் ஒரு அடி. பிறகு திறந்தபோது அவை தம் நீரைத் தாமே திரும்பப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டதால் இன்னொரு அடி. கடனை மறுசீரமைக்க நேர்ந்தது. ஒரு நல்ல திட்டத்தின் வெற்றி இன்னொரு நல்ல திட்டத்தின் வருமானத்தைத் தின்றது. பசுமைப் பத்திரங்களைப் பற்றிப் பேசுபவர்கள் இதை ஒருமுறையாவது படித்துவிட்டுப் பேசினால் நன்றாக இருக்கும்.

சாயத்தோட்டம்

கணக்கர் சொல்வதோடு முழுவதும் உடன்படுகிறேன். எங்களுக்கு வேண்டியது கடனே அன்று, வரவேண்டிய பணம் நேரத்துக்கு வருவதுதான். சுத்திகரிப்பு நிலையத்தின் கட்டணத்தை நான் மாதாமாதம் கட்டவேண்டும், இல்லையென்றால் என் குழாயை அடைத்துவிடுவார்கள், அது நியாயமும்கூட. சாயக்கூலியோ மூன்று மாதம் கழித்து வரும். சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் அந்தச் செலவை அவ்வாண்டு வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்று 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதி சற்று உதவியது. ஆனால் சிறு, குறு நிறுவனம் என்ற பதிவுச் சான்றைத் திரும்ப ஒப்படைத்துவிடுங்கள், அப்போதுதான் வேலை தருவோம் என்று கேட்பவர்களும் கிளம்பினார்கள்.

என் யோசனை எளியது. சாயக்கூலி பில்லில் சுத்திகரிப்புக் கட்டணம் தனி இனமாக இருக்கட்டும், லிட்டர் அளவோடு. கூலியைப் பேரம் பேசட்டும். அந்த இனத்தில் பேரம் கூடாது.

நொய்யல்கரை

அதை நான் ஆதரிக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. தனி இனமாக வாங்கும் பணத்துக்கு ஈடான நீர் உண்மையிலேயே நிலையத்துக்குப் போயிற்றா என்பது வெளியே தெரியவேண்டும். மழை பெய்யும் இரவுகளில் ஆற்றில் நுரையும் நிறமும் வருவது இன்றும் நின்றபாடில்லை. அனுமதியில்லாமல் ஒளிந்து நடக்கும் பட்டறைகள்தாம் காரணம் என்று சங்கங்கள் சொல்கின்றன; அப்படியே இருக்கட்டும். அந்தப் பட்டறைகளுக்குத் துணி கொடுத்தவர் யார்? ஏற்றுமதியாளரின் கையில் லிட்டர் அளவோடு கூடிய பில் இருந்தால், அந்தப் பில் இல்லாதவரின் துணி எங்கே சாயமேறியது என்று கேட்க ஒரு பிடி கிடைக்கும்.

ஆவிப்பானைப் பொறியாளர்

ஐயா கேட்பது தொழில்நுட்ப அளவில் கடினமன்று. உறுப்பினர் பட்டறை ஒவ்வொன்றிலிருந்தும் வரும் நீரை மீட்டர் வைத்துத்தான் அளந்து கட்டணம் போடுகிறோம். துணியின் எடை தெரிந்தால், இத்தனை கிலோவுக்கு இத்தனை லிட்டர் வந்திருக்கவேண்டும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். மிகக் குறைவாக வந்திருந்தால் ஒன்று நல்ல இயந்திரம், இல்லையேல் வேறு குழாய்.

நெடுங்கால முதலீட்டாளர்

அப்படியென்றால் நிதிச் சந்தைக்கு இதில் இடமே இல்லையா?

கொங்குக் கணக்கர்

இருக்கிறது, நீங்கள் தேடும் இடத்தில் இல்லை. ரிசர்வ் வங்கியின் பசுமை வைப்புத்தொகைக் கட்டமைப்பு 2023 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த வைப்புத்தொகையைக் கொண்டு கடன் தரக்கூடிய துறைகளில் நீர், கழிவு மேலாண்மையும் மாசுத் தடுப்பும் அடங்கும். குப்பையைப் புதைக்கும் நிலத் திட்டங்கள் வெளிப்படையாக விலக்கப்பட்டுள்ளன. எனவே கலவை உப்பைப் புதைக்க இடம் வாங்குவதற்கு அந்தப் பணம் வராது. அருள்புரம் போல் உப்புநீரைத் திரும்பப் பயன்படுத்தும் மாற்றத்துக்கு வரலாம். அதைவிட முக்கியமாக, லிட்டர் அளவோடு கூடிய பில் இருந்தால் அதை ஏற்றுமதியாளர் ஒப்புக்கொண்டவுடன் டிரெட்ஸ் தளத்தில் (சிறு நிறுவனங்களின் பில்லுக்கு வங்கிகள் முன்கூட்டியே பணம் தரும் இணையச் சந்தையில்) ஏற்றி, சாயத்தோட்டம் அண்ணன் மூன்று மாதம் காத்திராமல் சில நாளில் பணம் பெறலாம். தகவலும் வரும், பணப்புழக்கமும் வரும். பையர்களின் கேள்விப் பட்டியலுக்கும் அதே பில்லே விடையாகும்.

பில் வடிவம் ஒன்றை எழுதிப் பார்க்கிறேன். சுத்திகரிப்புக் கட்டணம் சாயமேற்றும் வேலையின் பகுதியே என்பதால், ஜி.எஸ்.டி. கணக்கில் அதைத் தனிச் சேவையாகக் காட்டாமல் சாயக்கூலியோடு சேர்த்தே வரி போடவேண்டும் என்பது என் கருத்து. சாயத்தோட்டம் அண்ணா, லிட்டர் அளவை ஆர்டர்வாரியாகப் போடமுடியுமா, மாதச் சராசரிதான் இயலுமா?

சாயத்தோட்டம்

ஆர்டர்வாரியாகவே முடியும். ஒவ்வொரு லாட்டுக்கும் (ஒரே தடவையில் சாயமேறும் துணித் தொகுதிக்கும்) எத்தனை கிலோ, எந்த நிறம், எத்தனை முறை அலசினோம் என்பது எங்கள் லாட் அட்டையில் இருக்கிறது. கறுப்புக்கும் நேவி நீலத்துக்கும் வெளிர் நிறத்தைவிட நீர் அதிகம் செலவாகும். சராசரி போட்டால் வெளிர் நிறம் வாங்குபவர் கறுப்பு வாங்குபவருக்காகப் பணம் கட்டுவார். லாட் எண்ணையே பில்லிலும் எழுதிவிடுங்கள், நிலையத்தின் மீட்டர் கணக்கோடு மாத இறுதியில் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.